போலிக் குவின்டெட்: ஒரு புரோட்டான் என்எம்ஆர் நிகழ்வு ஆய்வு

மாதிரி

லேபிள் உதிர்ந்துபோன பழைய குப்பி, உள்ளே நிறமற்ற திரவம். ஈதர் வாடை அடித்ததால் வேறெதற்கும் முன்னால் பெராக்சைடு சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தாயிற்று. ஈதர், அசிட்டால் வகைச் சேர்மங்கள் காற்றுபட்டு நாள்பட இருந்தால் பெராக்சைடு சேர்த்துக்கொள்ளும். அதைப் பார்க்காமல் காய்ச்சி வடிக்க உட்காருவது வம்பை விலைக்கு வாங்குவது. தாள் நிறம் மாறவில்லை. அப்புறம்தான் கொதிநிலை பார்த்தது: 102 டிகிரி செல்சியஸை ஒட்டி.

அகச்சிவப்பு நிறமாலையில் 3400 செ.மீ⁻¹ பக்கம் ஹைட்ராக்சில் பட்டை இல்லை, 1700 பக்கம் கார்பனைலும் இல்லை. 1050-க்கும் 1150-க்கும் இடையில் கார்பன்–ஆக்சிஜன் பட்டைகள் மட்டும் பலமாக இருந்தன. நிறை நிறமாலையில் மூலக்கூறு அயனி கண்ணில் படவில்லை. துண்டுகள்தான் தெரிந்தன: மேலே நிறை 103, அடுத்து 73, கீழே 45. 103 என்பது ஒரு மெத்தில் போன மிச்சம், 73 என்பது ஓர் எத்தாக்சி போன மிச்சம் என்று வைத்தால், 103-உடன் 15, 73-உடன் 45, இரண்டும் 118-ல் வந்து நிற்கின்றன. ஆறு கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் என்றால் கணக்கு சரி. வளையமோ இரட்டைப் பிணைப்போ இருக்க இடமில்லை.

ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலை 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில், டியூட்ரோ குளோரோஃபார்மில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கரைப்பானில்) எடுக்கப்பட்டது. பிபிஎம் என்பது சிகரத்தின் இடம், ஹெர்ட்ஸ் என்பது அது பிளந்த கோடுகளின் இடைவெளி. டப்ளெட், டிரிப்ளெட், குவார்டெட், குவின்டெட் என்றால் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து கோடுகள்; பக்கத்து ஹைட்ரஜன்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் கோடுகளின் எண்ணிக்கை. மாணவர் ஒருவர் அதைப் படித்து எழுதிக் கொடுத்த குறிப்பு இது:

1.20 பிபிஎம், டிரிப்ளெட், 7.1 ஹெர்ட்ஸ், 6 ஹைட்ரஜன்
1.30 பிபிஎம், டப்ளெட், 5.3 ஹெர்ட்ஸ், 3 ஹைட்ரஜன்
3.49 பிபிஎம், குவின்டெட், 7.7 ஹெர்ட்ஸ், 2 ஹைட்ரஜன்
3.65 பிபிஎம், குவின்டெட், 7.7 ஹெர்ட்ஸ், 2 ஹைட்ரஜன்
4.68 பிபிஎம், குவார்டெட், 5.3 ஹெர்ட்ஸ், 1 ஹைட்ரஜன்

கூடவே 9.79-லும் 2.20-லும் மிகச் சிறிய சிகரங்கள். அவற்றுக்கு எதிரே ‘மாசு’ என்று ஒரே சொல். முடிவு என்ற இடத்தில், ‘இரண்டு வெவ்வேறு மெத்திலீன்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அண்டை ஹைட்ரஜன்கள், எந்த ஓர் அமைப்பும் பொருந்தவில்லை, மாதிரி கலவையாக இருக்கலாம்’ என்று இருந்தது.

கலவை என்ற முடிவை நான் உடனே ஒதுக்கிவிடவில்லை. ஆனால் கலவை என்பது கடைசியில் போக வேண்டிய இடம். கணக்கு உதைக்கும்போதெல்லாம் கலவை என்று எழுதிக்கொண்டு போனால் எந்த நிறமாலையையும் எப்படி வேண்டுமானாலும் படித்துவிடலாம்.

சண்டை இல்லாத பகுதி

4.68 குவார்டெட்டும் 1.30 டப்ளெட்டும் ஒரே ஜோடி. ஒன்று ஒரு ஹைட்ரஜன், மற்றது மூன்று. ஒன்றில் இடைவெளி 5.3, மற்றதிலும் 5.3. மெத்திலுக்கு அடுத்து ஒரே ஒரு ஹைட்ரஜன் தாங்கிய கார்பன். அந்த ஹைட்ரஜன் 4.68 வரை தள்ளப்பட்டிருப்பதால் அதே கார்பனில் இரண்டு ஆக்சிஜன் தொங்குகிறது என்று ஊகிக்கலாம். ஒரே ஆக்சிஜன் என்றால் இவ்வளவு தூரம் போகாது, 3.5 சுற்றுவட்டாரத்திலேயே நின்றிருக்கும். ஜே மதிப்பு (ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று பிளக்கும் பிணைவின் அளவு, ஹெர்ட்ஸில்) 7 இல்லாமல் 5.3-ஆகக் குறைந்திருப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது: மின்னெதிர்த் தன்மை மிகுந்த அணுக்கள் கூடக்கூட அடுத்தடுத்த கார்பன்களுக்கு இடையேயான பிணைவு குறையும்.

1.20-ல் 6 ஹைட்ரஜனுக்கு ஒரே சுத்தமான டிரிப்ளெட். ஒரேமாதிரியான இரண்டு மெத்தில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெத்திலீன். ஆக, இரண்டு எத்தாக்சிக் குழுக்கள். இதுவரை வந்தால் 1,1-டைஎத்தாக்சி ஈத்தேன், அதாவது அசிட்டால்டிஹைடின் டைஎத்தில் அசிட்டால், தானாகவே வந்து நிற்கிறது. புத்தகக் கணக்குப்படி அதற்கு 3.5 சுற்றுவட்டாரத்தில் 4 ஹைட்ரஜனுக்கு ஒரே குவார்டெட் வர வேண்டும். வந்திருப்பதோ இரண்டு குவின்டெட். மாணவர் அசிட்டாலை எழுதாமல் விட்டதற்கு இதுதான் காரணம். அவர் தயங்கியது நியாயமான தயக்கம்தான். தரவு ஒத்துவராத அமைப்பைப் பிடிவாதமாக எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

குவின்டெட் ஏன் நிற்காது

பிணைவு இருதரப்பு விவகாரம். ஒரு ஹைட்ரஜன் இன்னொன்றை எத்தனை ஹெர்ட்ஸ் பிளக்கிறதோ, அத்தனை ஹெர்ட்ஸ்தான் அதுவும் திரும்பப் பிளக்கப்படும். மாணவரின் பட்டியலில் 5.3-க்கு ஜோடி இருக்கிறது. 7.1-க்கும் 7.7-க்கும் இல்லை. மெத்திலீன் 7.7 என்று சொல்கிறது, அதன் பக்கத்து மெத்தில் 7.1 என்கிறது. 0.6 ஹெர்ட்ஸ் வித்தியாசம்தானே, அளவைப் பிழை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் 400 மெகாஹெர்ட்ஸில், ஒழுங்காக ஷிம் செய்து (காந்தப் புலத்தைச் சீராக்கி) எடுத்த நிறமாலையில் 0.6 ஹெர்ட்ஸ் சும்மா வராது. ஒரே ஆள் ஒரே திரையில் அளந்த இரண்டு எண்கள் இவை.

அடுத்தது அமைப்பு. 3.5 பிபிஎம்மில் வரும் மெத்திலீன் ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கிறது. அதன் ஒரு கை ஆக்சிஜனிடம் போய்விட்டால், கார்பன் பக்கம் மிச்சம் ஒரு கைதான். அந்த ஒரு கார்பனில் அதிகபட்சம் மூன்று ஹைட்ரஜன். நான்காவது அண்டை எங்கிருந்து வரும்? ஹைட்ராக்சில் ஹைட்ரஜனாக இருக்கலாம். ஈரமில்லாத, அமிலமில்லாத கரைப்பானில் எத்தனாலின் மெத்திலீன் அப்படித்தான் மெத்தில், ஹைட்ராக்சில் இரண்டாலும் பிளந்து கிட்டத்தட்ட ஐந்து கோடாகத் தெரியும். ஆனால் இங்கே ஹைட்ராக்சிலே இல்லை. அகச்சிவப்பும் இன்டெக்ரேஷனும் (சிகரங்களின் பரப்பளவை வைத்து ஹைட்ரஜன்களை எண்ணுவது) ஒரே குரலில் அதைச் சொல்லிவிட்டன. ஹைட்ராக்சில் சிகரத்தை மறையச் செய்யும் கன நீரைச் சேர்த்துக் குலுக்கி எடுத்த நிறமாலையிலும் எந்தச் சிகரமும் மறையவில்லை. அப்படியானால் நான்காவது ஆள் ஒருவர்தான் இருக்க முடியும்: அதே மெத்திலீன் கார்பனில் உட்கார்ந்திருக்கும் மற்றொரு ஹைட்ரஜன்.

மூன்றாவது தடயம் படத்திலேயே இருந்தது. மாணவர் ஐந்து கோடுகளின் மொத்த அகலத்தை நாலால் வகுத்து 7.7 எழுதியிருந்தார். தனித்தனியாக அளந்தால் இடைவெளிகள் 7.2, 8.1, 8.1, 7.2. உண்மையான குவின்டெட்டில் நான்கு இடைவெளியும் சமம். அது ஒன்றே அந்தப் பெயருக்குத் தகுதி. போதாததற்கு நடுக் கோடு எதிர்பார்த்த உயரத்துக்கு எழும்பவில்லை. 1:4:6:4:1 என்றால் நடுவிலிருப்பது பக்கத்துக் கோட்டைவிட ஒன்றரை மடங்கு உயர்ந்து நிற்க வேண்டும். இங்கே கொஞ்சம்தான் உயரம், அதுவும் உச்சி தட்டை. தட்டையான உச்சியைப் பார்த்தால் உள்ளே ஒன்றுக்கு மேல் கோடு ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படுவது நல்ல பழக்கம்.

கடைசியாக, சாய்வு. 3.65-ன் வலது பாதி இடது பாதியைவிடக் கனமாக இருந்தது, 3.49-ன் இடது பாதி கனமாக இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. ஒன்றோடொன்று பிணைந்த ஹைட்ரஜன்கள் பக்கம் பக்கமாக வரும்போது ஏற்படும் கூரைச் சாய்வு இது. இரண்டு வெவ்வேறு மூலக்கூறுகளின் மெத்திலீன்கள் தற்செயலாக அருகருகே வந்திருந்தால் இந்தச் சாய்வுக்கு வேலையே இல்லை. கலவை என்ற முடிவு இந்த இடத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

3 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது

மறுபடி கருவியில் ஏற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. பதிவு செய்த மூலத் தரவு நன்றாகவே இருந்தது: பதிவு நேரம் 4 நொடி, அப்படியென்றால் கால் ஹெர்ட்ஸ் வரை பிரித்தறிய வழி உண்டு. செயலாக்க அமைப்பைத் திறந்து பார்த்தபோது லைன் பிராடனிங் (இரைச்சலைக் குறைக்கக் கோடுகளை அகலமாக்கும் அளவு) 3 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. கார்பன் நிறமாலைக்குப் போட்ட மதிப்பு. அதற்கு முன் ஓடிய மாதிரியிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கார்பனுக்கு அது பரவாயில்லை, கோடுகள் தனித்தனியாக நிற்கும், இரைச்சல் குறையும். புரோட்டானுக்கு வழக்கமாக 0.3 போதும். 3 போட்டால் 2 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள எல்லா இடைவெளியும் மூடிக்கொள்ளும்.

0.3-க்கு மாற்றி, தரவின் நீளத்தை இருமடங்காக்கி மறுபடி ஃபூரியர் மாற்றம் செய்ததும் ஒவ்வொரு ‘குவின்டெட்’டும் எட்டுக் கோடுகளாகப் பிரிந்தது. 3.65-ஐ மட்டும் அகலமாக விரித்து, பிபிஎம்மை விட்டுவிட்டு ஹெர்ட்ஸ் அளவில் எழுதிக்கொண்டோம்:

1475.4, 1468.3, 1466.0, 1461.2, 1458.9, 1454.1, 1451.8, 1444.7

இடைவெளிகள்: 7.1, 2.3, 4.8, 2.3, 4.8, 2.3, 7.1.

இந்த எட்டு எண்களோடு கொஞ்ச நேரம் உட்காருவது வீண்போகாது. முதல் இடைவெளியும் கடைசி இடைவெளியும் 7.1, அது மெத்தில் டிரிப்ளெட்டில் பார்த்த அதே எண். ஓரக் கோட்டிலிருந்து 7.1 ஆகத் தாவிப் பார்த்தால் 1475.4, 1468.3, 1461.2, 1454.1 என்று ஒரு குவார்டெட் கிடைக்கிறது, உயரம் 1:3:3:1. மிச்சமிருக்கும் 1466.0, 1458.9, 1451.8, 1444.7 இன்னொரு குவார்டெட், அதுவும் 1:3:3:1. ஒன்றின் இடுக்கில் மற்றொன்று புகுந்து நிற்கிறது. இரண்டின் மையங்களுக்கு இடையே 9.4 ஹெர்ட்ஸ். ஆக இது குவார்டெட்டுகளின் டப்ளெட்: 9.4 ஒரு முறை, 7.1 மூன்று முறை.

2.3 எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துவிடுகிறது. அது 9.4-க்கும் 7.1-க்கும் உள்ள வித்தியாசம். 4.8 என்பது 7.1-ன் இருமடங்கிலிருந்து 9.4-ஐக் கழித்தது. அவை இரண்டும் எந்தப் பிணைவின் மதிப்பும் இல்லை, இரண்டு ஏணிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால் உண்டான இடைவெளிகள். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளின் இடைவெளியை அப்படியே எடுத்து ஜே என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 2.3 ஹெர்ட்ஸ் என்று ஒரு நீண்டதூரப் பிணைவை இல்லாத இடத்தில் கற்பனை செய்துகொள்ள அது ஒன்றே போதும்.

போலிக் குவின்டெட் எப்படி உருவானது என்பதும் இதே பட்டியலில் இருக்கிறது. 2.3 இடைவெளி உள்ள ஜோடிகளை ஒன்றாக்கிப் பாருங்கள். ஓரத்தில் தனியாக 1. அடுத்து 3-ம் 1-ம் சேர்ந்து 4. நடுவில் 3-ம் 3-ம் சேர்ந்து 6. அப்புறம் 4, கடைசியில் 1. பரப்பளவில் 1:4:6:4:1 அச்சு அசலாக வந்துவிடுகிறது! மொத்த அகலம் 30.7, நாலால் வகுத்தால் 7.7. நான்கு அண்டைகளின் பிணைவுகள் ஏறக்குறைய சமமாக இருந்துவிட்டால், அவற்றில் மூன்று ஒரு வகை, ஒன்று வேறு வகை என்பது படத்தில் மறைந்துபோகும். எண்ணிக்கையோடு ஒன்று கூட்டும் விதியில் எல்லா ஜே மதிப்பும் சமம் என்ற நிபந்தனை உள்ளே பொதிந்திருக்கிறது. விதியைச் சொல்லும்போது நிபந்தனையை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு; நான் பெரும்பாலும் இதைத்தான் முதலில் செய்வேன். ஒரு மல்டிப்ளெட்டின் (பல கோடுகளாகப் பிளந்த சிகரத்தின்) ஓரக் கோட்டுக்கும் மறு ஓரக் கோட்டுக்கும் உள்ள தூரம், அதன்மேல் செயல்படும் எல்லாப் பிணைவுகளின் கூட்டுத்தொகை. இங்கே 30.7. மெத்தில் டிரிப்ளெட்டிலிருந்து 7.1 என்று உறுதியாகத் தெரியும், மூன்று ஹைட்ரஜனுக்கு 21.3. கழித்தால் 9.4. மங்கலான நிறமாலையிலேயே இதைச் செய்திருக்கலாம். உள் கோடுகள் கலங்கிப்போனாலும் ஓரக் கோடுகள் இரண்டும் தனியாக நிற்பதால் இந்தக் கூட்டுத்தொகை பெரும்பாலும் பத்திரமாக இருக்கும்.

3.49-லும் அதே கதை: 9.4, 7.1, 7.1, 7.1. ஜோடி சேர்ந்துவிட்டது.

ஒரே கார்பன், இரண்டு விலாசம்

சரி, ஒரே கார்பனில் இருக்கும் இரண்டு ஹைட்ரஜன்கள் ஏன் 0.16 பிபிஎம் தள்ளி நிற்க வேண்டும்? மூலக்கூறில் கைரல் மையம் (நான்கு வெவ்வேறு குழுக்கள் ஒட்டிய கார்பன்) எதுவும் இல்லை. எத்தில் குழு தடையில்லாமல் சுழல்கிறது. இதைச் சொன்னதும் மாணவர் கேட்ட முதல் கேள்வி, ‘சுழன்றால் இரண்டும் ஒன்றாகிவிடாதா சார்?’ என்பதுதான். பலருக்கும் இங்கேதான் சிக்குகிறது.

ஆகாது. பார்க்க எளிய வழி, மாற்றீட்டுச் சோதனை. ஓர் எத்தாக்சியின் மெத்திலீனில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஒரு குளோரின் வைப்பதாக மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கார்பன் இப்போது கைரல் மையம் ஆகிறது. அதோடு நிற்கவில்லை: நடு கார்பனில் இதுவரை ஒரேமாதிரி இருந்த இரண்டு எத்தாக்சிகளில் ஒன்று மாறிவிட்டதால், ஹைட்ரஜன், மெத்தில், எத்தாக்சி, குளோரோ எத்தாக்சி என்று நான்கும் வேறு வேறாகி அதுவும் கைரல் மையம் ஆகிறது. இப்போது முதல் ஹைட்ரஜனுக்குப் பதில் அதே மெத்திலீனின் மற்ற ஹைட்ரஜனை மாற்றினால் எத்தில் பக்க மையம் மட்டும் தலைகீழாகும், நடு மையம் அப்படியே இருக்கும். கிடைக்கும் இரண்டும் டயஸ்டீரியோமர்கள், அதாவது ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக இல்லாத இட அமைப்புகள். ஆக அந்த இரண்டு ஹைட்ரஜன்களும் டயஸ்டீரியோடோபிக். எந்தச் சுழற்சியும் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் கொண்டுபோய் வைக்காது. சுழற்சியின் எல்லா நிலைகளையும் சராசரி எடுத்தாலும் அவை பார்க்கும் சூழல் வேறாகவே இருக்கும்.

மூலக்கூறுக்கு ஓர் ஆடித் தளம் உண்டு. நடு கார்பன், அதன் ஹைட்ரஜன், அதன் மெத்தில் மூன்றும் அதில் கிடக்கின்றன. ஆனால் அந்தத் தளம் ஓர் எத்தாக்சியை மற்ற எத்தாக்சியாக மாற்றுகிறதே தவிர, ஒரே மெத்திலீனுக்குள் இருக்கும் இரண்டு ஹைட்ரஜன்களை ஒன்றோடொன்று மாற்றவில்லை. இந்த எத்தாக்சியின் ஒரு ஹைட்ரஜனும் அந்த எத்தாக்சியின் ஒரு ஹைட்ரஜனும் ஜோடி. அதனால்தான் மெத்தில்கள் இரண்டும் ஒரே டிரிப்ளெட், மெத்திலீன்களின் நான்கு ஹைட்ரஜன்கள் மட்டும் 2, 2 என்று பிரிகின்றன. 6, 2, 2 என்ற இந்தக் கணக்கே முதல் பார்வையில் ஒரு குறிப்புதான்: வெவ்வேறு எத்தாக்சிகள் என்றால் மெத்திலும் இரண்டாகப் பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நெருங்கிய உறவினர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளியும். நடு கார்பனில் மெத்தில் இல்லாமல் இரண்டு ஹைட்ரஜன் இருந்தால், அது டைஎத்தாக்சி மீத்தேன். மெத்திலீன் சாதாரண குவார்டெட். இரண்டு மெத்தில் இருந்தால், 2,2-டைஎத்தாக்சி புரோப்பேன். அதுவும் சாதாரண குவார்டெட். மூன்றாவது எத்தாக்சி வந்தால், ட்ரைஎத்தில் ஆர்தோஃபார்மேட், அங்கேயும் குவார்டெட்தான். மூன்றிலும் ஓர் எத்தாக்சியின் பக்கத்திலிருந்து பார்த்தால் மிச்ச மூன்று கைகளில் இரண்டு ஒன்றுபோல இருக்கின்றன. அவற்றை மாற்றிப்போடும் ஆடித் தளம் மெத்திலீனின் நடுவே போகிறது. நம் அசிட்டாலில் அந்த மூன்று கைகளும் வேறு: ஹைட்ரஜன், மெத்தில், எத்தாக்சி. டைஎத்தில் சல்ஃபைட்டிலும் இதே நிலைமை, அங்கே கந்தகத்தில் ஆக்சிஜன், எத்தாக்சி, ஒரு தனி எலக்ட்ரான் ஜோடி. 1961-லேயே வாவ், காட்டன் என்ற வேதியியலாளர்கள் டைஎத்தில் சல்ஃபைட்டிலும் அதையொத்த சேர்மங்களிலும் மெத்திலீன் ஹைட்ரஜன்கள் சமமில்லாமல் இருப்பதைப் பற்றி எழுதிவிட்டார்கள். புதிய விஷயம் ஒன்றுமில்லை, ஆனாலும் ஒவ்வொரு தலைமுறையும் இதில் ஒரு முறை விழுந்து எழுகிறது.

உறுதிப்படுத்தியது

மூன்று வேலைகள் செய்தோம். ஒன்று, எந்த ஹைட்ரஜன் எந்தக் கார்பனில் இருக்கிறது என்று காட்டும் இருபரிமாண எச்எஸ்க்யூசி. கார்பன் நிறமாலையில் நான்கே கோடுகள்: 99.6, 60.7, 19.9, 15.3-ஐ ஒட்டி. 3.65, 3.49 இரண்டு புரோட்டான்களும் 60.7 என்ற ஒரே கார்பனின் வரிசையில் விழுந்தன. கலவை என்ற வாதம் இதோடு முடிந்தது. நேரம் இல்லை, ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இரண்டு, 1.20-ல் கதிர்வீச்சு கொடுத்துப் பிணைவை நீக்குவது. பக்கத்திலேயே 40 ஹெர்ட்ஸ் தள்ளி 1.30 டப்ளெட் இருப்பதால் திறனைக் குறைத்து வைக்க வேண்டியிருந்தது. கூட்டினால் 4.68 குவார்டெட்டும் சேர்ந்து சுருங்க ஆரம்பித்துவிடும், எது எதனோடு பிணைந்தது என்றே குழம்பிப்போகும். சரியான திறனில், பதினாறு கோடுகளும் நான்காகச் சுருங்கின: 9.4 இடைவெளியில் இரண்டு ஜோடி, உள்ளே இருக்கும் இரண்டும் உயரம். உயர விகிதத்தைக் கணக்கிட்டும் பார்க்கலாம். 0.16 பிபிஎம் என்பது 400 மெகாஹெர்ட்ஸில் 64 ஹெர்ட்ஸ். 64-ன் வர்க்கத்தோடு 9.4-ன் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 64.7. அதோடு 9.4 கூட்டினால் 74.1, கழித்தால் 55.3. உள்கோட்டுக்கும் வெளிக்கோட்டுக்கும் விகிதம் 1.34. அளந்ததும் அதையொட்டியே வந்தது.

மூன்று, வேறு புலத்தில் ஒரு முறை. 600 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மல்டிப்ளெட்டுகளின் மையங்கள் 96 ஹெர்ட்ஸ் தள்ளி நின்றன, உள்ளே 9.4-ம் 7.1-ம் மாறவே இல்லை. வேதி இடப்பெயர்ச்சியின் வித்தியாசம் புலத்தோடு வளரும், பிணைவு வளராது. இதே மாதிரியை 60 மெகாஹெர்ட்ஸ் மேசைக் கருவியில் எடுத்திருந்தால் கதை வேறு. 0.16 பிபிஎம் அங்கே 9.6 ஹெர்ட்ஸ்தான், பிணைவு 9.4. இரண்டும் சமமாகிவிட்டால் அளவுகோல் வைத்து ஏணி போடுவது செல்லாது. உள்கோடுகள் வெளிக்கோடுகளைவிட ஐந்தரை மடங்குக்கு மேல் உயர்ந்து, வெளிக்கோடுகள் இரைச்சலில் கரைந்துபோகும். அங்கே உருவகக் கணிப்பு ஓட்டிப் பொருத்திப் பார்ப்பதுதான் வழி.

சூடாக்கிப் பார்க்கலாமா என்ற யோசனையும் வந்தது. தடைபட்ட சுழற்சியால் வந்த பிரிவு என்றால் வெப்பம் ஏற ஏற இரண்டும் நெருங்கி ஒன்றாகும். இங்கே காரணம் சமச்சீர், வேகம் இல்லை. சூடாக்கினால் இடைவெளி கொஞ்சம் முன்பின் ஆகலாம், வேறொன்றும் நடக்காது. அதனால் செய்யவில்லை.

‘மாசு’

9.79, 2.20 இரண்டையும் விட்டுவிட மனம் வரவில்லை. விரித்துப் பார்த்தால் 9.79 ஒரு குவார்டெட், 2.9 ஹெர்ட்ஸ், 2.20 ஒரு டப்ளெட், அதே 2.9. பரப்பளவு 1-க்கு 3. அசிட்டால்டிஹைடு. டியூட்ரோ குளோரோஃபார்ம் வெளிச்சத்திலும் காற்றிலும் நாள்பட்டால் கொஞ்சம் அமிலம் சேர்த்துக்கொள்ளும். அசிட்டாலுக்கு அமிலமும் துளி ஈரமும் போதும், ஆல்டிஹைடாகவும் எத்தனாலாகவும் உடையும். குழாயை அப்படியே வைத்திருந்து சில மணி நேரம் கழித்து எடுத்தபோது இரண்டும் வளர்ந்திருந்தன. குப்பியில் இருந்த மாசு என்றால் குழாயில் வளராது.

இதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு. உடைந்து வரும் எத்தனாலின் மெத்திலீன் 3.72-ல் விழுகிறது, அதன் வலது ஓரம் நம் 3.65 மல்டிப்ளெட்டின் இடது ஓரத்தைத் தொடுகிறது. பழைய குழாயில் எடுத்த நிறமாலையில் 3.65-ன் இன்டெக்ரேஷன் 2-ஐத் தாண்டிப் போனதற்கும், இடது ஓரக் கோடு கொஞ்சம் தடித்துத் தெரிந்ததற்கும் இதுதான் காரணம். கார அலுமினா வழியே வடித்த புதிய கரைப்பானில் மறுபடி எடுத்ததும் 9.79 போய்விட்டது, 3.65 சரியாக 2-க்கு வந்தது. டியூட்ரோ பென்சீனில் எடுத்தாலும் இந்தத் தொல்லை இருக்காது. அசிட்டால் என்று சந்தேகம் வந்த நிமிஷத்திலேயே கரைப்பானை மாற்றிவிடுவது என் வழக்கம்.

7.1, 5.3, 2.9 என்று மூன்று எண்கள் இந்த ஒரே குழாயில் கிடைத்தன. மூன்றுமே ஒரு மெத்திலுக்கும் அதன் பக்கத்துக் கார்பனில் உள்ள ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைவு, மூன்றிலும் மெத்தில் தடையில்லாமல் சுழல்கிறது. கோணத்தைப் பொறுத்து பிணைவு மாறும் என்ற 1959-ன் கார்ப்ளஸ் தொடர்பு இங்கே சராசரியாகிவிடுவதால், வித்தியாசம் முழுக்கப் பக்கத்துக் கார்பனின் நிலைமையிலிருந்து வருகிறது: ஓர் ஆக்சிஜன், இரண்டு ஆக்சிஜன், ஒரு கார்பனைல். எண்ணைப் பார்த்தே எந்த மெத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். வடிவத்தின் பெயரை மட்டும் எழுதி ஹெர்ட்ஸை விட்டுவிட்டால் இந்தத் தகவல் அத்தனையும் போய்விடும்.

பதிவேட்டில் ஏறியது

1,1-டைஎத்தாக்சி ஈத்தேன். 4.68, குவார்டெட், 5.3 ஹெர்ட்ஸ், 1 ஹைட்ரஜன். 3.65, குவார்டெட்டுகளின் டப்ளெட், 9.4 மற்றும் 7.1 ஹெர்ட்ஸ், 2 ஹைட்ரஜன். 3.49, குவார்டெட்டுகளின் டப்ளெட், 9.4 மற்றும் 7.1 ஹெர்ட்ஸ், 2 ஹைட்ரஜன். 1.30, டப்ளெட், 5.3 ஹெர்ட்ஸ், 3 ஹைட்ரஜன். 1.20, டிரிப்ளெட், 7.1 ஹெர்ட்ஸ், 6 ஹைட்ரஜன்.

9.4-க்கு முன்னால் கழித்தல் குறி போடலாமா என்று மாணவர் கேட்டார். ஒரே கார்பனில் உள்ள ஹைட்ரஜன்களுக்கு இடையேயான பிணைவு இந்த மாதிரிச் சேர்மங்களில் எதிர்க்குறி உடையது என்பது உண்மை. ஆனால் நாம் எடுத்த நிறமாலையில் குறி தெரியாது, அளவுதான் தெரியும். அதனால் அளவை மட்டும் எழுதினோம். இரண்டு ஹைட்ரஜன்களில் 3.65 எது, 3.49 எது என்பதையும் எழுதவில்லை. மெத்திலோடு இரண்டுக்கும் ஒரே 7.1, தங்களுக்குள் ஒரே 9.4, பிளவு வடிவத்தில் அவற்றைப் பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. ‘அ’, ‘ஆ’ என்று குறித்துவிட்டு, குப்பிக்குப் புதிய லேபிளும் திறந்த தேதியும் ஒட்டியாயிற்று.